ஹார்ட் ஃபெயிலியருக்குப் பிறகு உடற்பயிற்சி: என் அனுபவம்

எனக்கு ஹார்ட் ஃபெயிலியர், அதாவது இதயம் பலவீனமாகி ரத்தத்தைச் சரியாகப் பம்ப் செய்ய முடியாத நிலை. எக்கோ என்ற இதய ஸ்கேனில் பம்பிங் 30 சதவீதம் என்று வந்ததும், வீட்டில் யாரும் என்னை ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்க விடவில்லை. "பேசாம படுத்துக்கோ" என்றுதான் சொந்தக்காரர்கள் எல்லோரும் சொன்னார்கள். ஒரு காலத்தில் டாக்டர்களே இப்படித்தான் சொல்லி வந்தார்கள். ஆனால் படுத்தே கிடந்ததில் கால் சதை வற்றி, குளியலறைக்குப் போய் வரவே மூச்சு வாங்கியது.

கால் வீக்கம் வடிந்து, மாத்திரைகள் ஒரு நிலைக்கு வந்த பிறகுதான் டாக்டர் பயிற்சிக்கு அனுப்பினார். உடம்பில் நீர் கோத்திருக்கும்போது ஆரம்பிக்கவே கூடாது.

முதலில் ஆறு நிமிட நடைச் சோதனை. 30 மீட்டர் வராந்தாவில் போய்ப் போய்த் திரும்ப வேண்டும். நடுவில் நின்று சுவரில் சாய்ந்துகொள்ளலாம், ஆனால் கடிகாரம் நிற்காது. 270 மீட்டர் நடந்தேன்.

அப்புறம் சைக்கிள். பீட்டா பிளாக்கர் மாத்திரை நாடித்துடிப்பை ஏற விடாது என்பதால், துடிப்பை மட்டும் வைத்து வேகத்தை முடிவு செய்ய முடியாதாம். அதற்குப் பதில், எவ்வளவு சிரமமாக இருக்கிறது என்று நாமே ஒரு எண்ணில் சொல்லும் போர்க் அளவுகோல் சுவரில் ஒட்டியிருந்தது. 6 என்றால் சும்மா உட்கார்ந்திருப்பது, 20 என்றால் இனி முடியவே முடியாது என்பது. பிசியோதெரபிஸ்ட் பெண் அடிக்கடி வந்து, "இப்ப எத்தனைம்மா?" என்பார். 11-லிருந்து 13-க்குள் இருக்க வேண்டும். 15 என்றால் உடனே லோடைக் குறைத்துவிடுவார். மிதித்துக்கொண்டே திணறாமல் பேச முடிகிறதா என்றும் பார்ப்பார். அதற்காகவே என் பேத்தியைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருப்பார்.

ஐந்து நிமிடம் மிதித்து இரண்டு நிமிடம் ஓய்வு என்று தொடங்கி, மெல்ல மெல்ல விடாமல் அரை மணி நேரம் வரை வந்தேன். முடிக்கும்போது வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். சட்டென்று நிறுத்தினால் பிரஷர் இறங்கித் தலை சுற்றும். லேசான டம்பெல் தூக்கும்போது மூச்சை அடக்காமல் வெளியே விட வேண்டும்.

மூன்று மாதம் கழித்து எக்கோ எடுத்தால் 32 சதவீதம். மகனுக்கு முகமே வாடிவிட்டது. ஆனால் அதே வராந்தாவில் நான் 350 மீட்டர் நடந்திருந்தேன்! இதயம் அனுப்பும் அதே ரத்தத்திலிருந்து கால் தசை கூடுதலாக ஆக்சிஜன் எடுத்துக்கொள்ளப் பழகிவிடுகிறது என்று டாக்டர் விளக்கினார். 2,331 நோயாளிகளை வைத்து நடந்து 2009-இல் வெளியான ஹெச்எஃப்-ஆக்‌ஷன் ஆய்வைப் பற்றியும் சொன்னார். பயிற்சி பாதுகாப்பானது, அன்றாட வாழ்க்கை ஓரளவு மேம்படும் என்று அதில் தெரிந்ததாம். ஆயுள் விஷயத்தில் பலன் பெரிதாக இல்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார். மாடிக்கு நானே ஏறித் துணி காயப்போட முடிகிறதே, எனக்கு அது போதும்.

இப்போது வீட்டில்தான் நடக்கிறேன். காலையில் பாத்ரூம் போய்வந்ததும் எடை பார்ப்பேன். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறியிருந்தால் அன்று நடை கிடையாது, டாக்டருக்குப் போன் செய்துவிடுவேன். நெஞ்சுவலி, தலைசுற்றல், படபடப்பு எது வந்தாலும் அங்கேயே நிறுத்திவிடுவேன்.

உங்கள் டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரைகள் மட்டும் எழுதியிருந்தால், அடுத்த செக்கப்பில் "எனக்குக் கார்டியாக் ரீஹேப் உண்டா?" என்று நீங்களே கேளுங்கள். நான் செய்த இந்தப் பயிற்சிக்கு அதுதான் பெயர்.