நெட் வேதியியல்: ஓர் ஆய்வாளரின் வாழ்க்கையைப் பின்தொடர்ந்து படித்த வழி

சி.எஸ்.ஐ.ஆர். நெட் (தேசியத் தகுதித் தேர்வு) முடிவில் இளநிலை ஆய்வு உதவித்தொகை உறுதியான பிறகு, ஏர்வாடி, கீழக்கரைப் பக்கத்துத் தம்பி தங்கைகள் "எந்தப் புத்தகம் படித்தீர்கள், அக்கா?" என்று கேட்கிறார்கள். புத்தகங்கள் எல்லோரிடமும் இருப்பவைதான். பாடத்திட்டத்தை அலகு வரிசையில் படிப்பதை நிறுத்திவிட்டு, சிரில் பொன்னம்பெருமா என்ற ஒரே ஆய்வாளரின் பணியை ஆண்டு வரிசையில் பின்தொடர்ந்து, ஒவ்வொரு சோதனைக்கும் வேண்டிய வேதியியலை அங்கேயே நின்று முழுதாகக் கற்றதுதான் எனக்குக் கைகொடுத்தது.

நம் எதிர்க்கரையான இலங்கையின் காலியில் 1923இல் பிறந்த அவர், 1948இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவத்தில் பட்டம் பெற்றார். பிறகு லண்டனில் பெர்னாலிடம் வேதியியல் பயின்று, 1962இல் பெர்க்லியில் கால்வினிடம் முனைவர் பட்டம் முடித்து, நாசாவின் ஏம்ஸ் மையத்துக்கும் 1971இல் மேரிலாந்து பல்கலைக்கழகத்துக்கும் சென்றார். உயிரற்ற பொருளிலிருந்து உயிரின் மூலக்கூறுகள் எவ்வாறு தோன்றின என்ற கேள்வியை அவர் கடைசிவரை விடவில்லை. ஒரே கேள்வி இத்தனை துறைகளைத் தொடுவதால்தான் அவரைத் தேர்ந்தெடுத்தேன். என் குறிப்பேட்டின் தொடக்கத் தலைப்புகள் இவை:

- 1953, வாயுக் கலவையில் மின்பொறி பாய்ச்சி அமினோ அமிலங்கள் பெற்ற மில்லரின் சோதனை (இவருக்கு முன்னோடி): ஆல்டிஹைடிலிருந்து அமினோ அமிலம் தரும் ஸ்ட்ரெக்கர் வினை, படிநிலைகளோடு.
- 1963, மீத்தேன், அம்மோனியா, நீர்க் கலவையில் எலெக்ட்ரான் கற்றையைச் செலுத்தி, டி.என்.ஏ.வின் ஒரு கூறான அடினின் பெற்றது: கார்பன்-14 தடங்காணல், பியூரின் வளையம்.
- அதே ஆண்டில் கார்ல் சேகன், ரூத் மாரினர் ஆகியோருடன் புற ஊதாக் கதிரால், செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி. தயாரித்தது: ஒளி வேதியியல், பாஸ்பேட் எஸ்டர்கள்.

நான் அதிக நாள் தங்கிய இடம் மர்ச்சிசன் விண்கல். 1969 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவில் விழுந்த அந்தக் கல்லில் அமினோ அமிலங்கள் இருப்பதை அவரும் உடன் ஆய்வாளர்களும் 1970இல் வெளியிட்டார்கள். தொட்டவர்களின் கைரேகையிலிருந்தும் அமினோ அமிலம் ஒட்டியிருக்கலாம் என்பதால், அவை கல்லுக்கே உரியவை என்று காட்ட வேண்டியிருந்தது. பெரும்பாலான அமினோ அமிலங்களுக்கு ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான டி, எல் என்ற இரு வடிவங்கள் உண்டு; மண்ணுலக மாசு என்றால், உயிர்கள் பயன்படுத்தும் எல் வடிவமே மேலோங்கியிருக்கும். ஆனால் டி, எல் இரண்டும் ஏறக்குறைய சம அளவில் இருந்தன. இனான்ஷியோமர்கள் எனப்படும் இந்தக் கண்ணாடிப் பிம்ப இணைகளைச் சாதாரண நிறப்பிரிகைத் தம்பத்தில் பிரிக்க முடியாது. ஆகவே ஒரே கைத்தன்மையுள்ள 2-பியூட்டனாலுடன் எஸ்டராக்கி டயாஸ்டீரியோமர்களாக (கண்ணாடிப் பிம்பமல்லாத, பண்புகளில் வேறுபடும் வடிவங்களாக) மாற்றி, வாயு நிறப்பிரிகையில் பிரித்தார்கள். இந்த ஒரு பத்தியை, ஏன், எதனால் என்று கேட்டுக் கேட்டு எழுதிப் பாருங்கள்; முப்பரிமாண வேதியியலின் பாதி அதிலேயே வந்துவிடும். அதோடு நிற்காமல், ஆல்பா ஹைட்ரஜன் இல்லாத ஐசோவேலின் என்ற அமினோ அமிலம் ஏன் எளிதில் ரெசிமிக் (டி, எல் சம அளவுக் கலவை) ஆவதில்லை என்று கேளுங்கள். 1997இல் குரோனினும் பிட்சரெல்லோவும் அதே கல்லின் ஐசோவேலினில் எல் வடிவம் சற்று மிகுந்திருப்பதைக் காட்டியதன் பொருள் அப்போதுதான் விளங்கும். தேர்வின் சி பகுதியில் என்னைக் காப்பாற்றியவை இந்த வகை வினாக்களே.

அடுத்தது நீர் நீக்கம். அமினோ அமிலங்கள் பெப்டைடாக இணைய நீர் வெளியேற வேண்டும், ஆனால் நீர்க்கரைசலில் சமநிலை அதற்கு எதிராக நிற்கிறது. ஆதிக் கடலோரக் குட்டைகள் காய்ந்தும் நனைந்தும் மாறி மாறி இருந்திருக்கலாம் என்ற கருத்து இதற்கு விடையாக முன்வைக்கப்படுகிறது. வாலிநோக்கம் உப்பளத்தில் பாத்தி வற்ற வற்ற, உப்புக்கு முன்பே ஜிப்சம் படிவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குச் செறிவு, கரைதிறன் பெருக்கம் ஆகியவற்றை யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த அறிவைக் கணக்கில் பயன்படுத்தத் தயங்காதீர்கள்.

மாதிரித் தேர்வுகளை நான் மிகக் குறைவாகவே எழுதினேன். மெதுவாக, காரணம் தெரிந்து படிப்பவர்களுக்கு அது போதும் என்றே கருதுகிறேன். வேகத்தால் மதிப்பெண் எடுப்பவர்கள் என்னைப் பின்பற்ற வேண்டாம்.

குவாண்டம் இயக்கவியலும் குழுக் கோட்பாடும் இந்த வழிக்குள் அடங்கவில்லை. அவற்றுக்குக் காலையில் தனி நேரம் ஒதுக்கிப் பழைய வினாத்தாள்களை மட்டும் போட்டுப் பார்த்தேன். உலோகக் கரிமச் சேர்மங்களுக்கும் அதுவே செய்யுங்கள்.