பாட்டிலைக் கையில் கொடுத்தால் முதலில் லேபிளைப் பாருங்கள்

மாதவிடாய் நின்று பல வருஷம் ஆன அம்மாவுக்குத் திடீரென்று ரத்தப்போக்கு. ஏற்காட்டிலிருந்து இறங்கி சேலத்தில் ஸ்கேன் எடுத்ததில் கருப்பையின் உள்சவ்வு 11 மி.மீ. தடிமன். இந்த வயதில் ரத்தப்போக்கும் இருந்து 4 மி.மீ.-ஐத் தாண்டினாலே சதை எடுத்துப் பார்த்துவிடுவார்களாம். டி அண்ட் சி, அதாவது கருப்பை வாயை விரித்து உள்சவ்வைச் சுரண்டி எடுப்பது, நல்லபடியாக முடிந்தது.

அப்புறம்தான் வினை. எடுத்த சதை கெடாமலிருக்க ஃபார்மலின் திரவத்தில் போட்டிருந்த பாட்டிலை ஒரு பாலிதீன் கவரில் வைத்து, "லேப்ல குடுத்துடுங்க" என்று அட்டெண்டர் என் கையில் திணித்தார். லேப் கவுன்ட்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பாட்டிலில் பேர் இல்லை, சீட்டில் வயசு இல்லை, மாதவிடாய் நின்ற விவரமும் இல்லை, வாங்க முடியாது. ஐந்து ரோடு நெரிசலில் மறுபடி ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அவர் கேட்டது நியாயம்தான். முப்பது வயதுப் பெண்ணுக்கு மாதாமாதம் இந்தச் சவ்வு தடிப்பது இயல்பு; அம்மாவுக்கு அப்படியில்லை. அந்த விவரம் இல்லாமல் சதையை மட்டும் பார்த்து எப்படிச் சொல்வார்கள்? இதைக் கொஞ்சம் தன்மையாகச் சொல்லியிருக்கலாம்.

ரிப்போர்ட் வாங்கப் போன அன்றுதான் எனக்கு ரத்தம் கொதித்தது. அதே ஆள் காகிதத்தைப் புரட்டிவிட்டு, "ஏதோ வளர்ச்சின்னு போட்டிருக்கு, கேன்சர் டாக்டரைப் பாருங்க" என்றார். அம்மா பக்கத்திலேயே நிற்கிறார்! இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிக்கும்வரை அம்மா வாயைத் திறக்கவில்லை.

டாக்டர் படித்தபோது இருந்தது வேறு: ஏட்டிபியா இல்லாத ஹைப்பர்பிளேசியா. செல்களின் எண்ணிக்கை கூடியிருக்கிறது, அவற்றின் உருவம் கெடவில்லை. இந்த வகை 20 வருஷத்தில் புற்றுநோயாக மாறுவது நூற்றில் ஐந்து பேருக்கும் குறைவு. புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் ஈடுகொடுக்காமல் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் மட்டும் தூண்டிக்கொண்டே இருப்பதுதான் காரணம். உடல் பருமன் இருந்தால் கொழுப்பிலிருந்தும் ஈஸ்ட்ரோஜன் உருவாகும். கர்ப்பத்தில் மார்பகம் பெருப்பதும், வெட்டித் தானம் கொடுத்த ஈரல் திரும்ப வளர்வதும்கூட செல் பெருக்கம்தான் என்று டாக்டர் சொன்ன பிறகே அம்மா காபி கேட்டார்.

இப்போது புரோஜெஸ்டிரோன் மாத்திரை ஓடுகிறது. ஆறு மாதத்தில் மறுபடி பயாப்ஸி. ஒன்று சொல்கிறேன்: ரிப்போர்ட்டோடு, சதையைச் சீவி வைத்த கண்ணாடி ஸ்லைடையும் மீதிச் சதையைப் பதித்து வைத்த மெழுகு பிளாக்கையும் கேளுங்கள். வேறு டாக்டரிடம் காட்ட வேண்டுமென்றால் காகிதம் மட்டும் போதாது. "அதெல்லாம் தர மாட்டோம்" என்றார்கள் லேபில். டாக்டரின் கடிதத்தை நீட்டியதும் தந்துவிட்டார்கள்.