கழித்தல் கணக்கில் ஒரு வேற்றுமை உருபு

மதுரை திருநகரில் மாலை நேர டியூசன் ஒன்றில், ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளின் வீட்டுப்பாடச் சந்தேகங்களை ஒன்பது ஆண்டுகளாகத் தீர்த்து வருகிறேன். நான் படித்தது கணிதம். ஆனாலும் ஆறு மணிக்குப் பைகள் திறந்தால் ஒருவர் அறிவியலையும், ஒருவர் வரலாற்றையும், இன்னொருவர் ஆங்கில இலக்கணத்தையும் நீட்டுவார்கள் என்பதால் எல்லாப் பாடங்களுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். கணக்கு வரவில்லை, அறிவியல் புரியவில்லை என்று வரும் பிள்ளைகளில் பலர் தடுக்கி விழும் இடம், கேள்வி எழுதப்பட்டிருக்கும் மொழியில் இருக்கிறது என்பது இந்த ஆண்டுகளில் எனக்கு உறுதிப்பட்ட ஒன்று.

தொடக்கத்தில் இது எனக்குத் தெரியாது. இருபது பிள்ளைகளுக்கு இரண்டு மணி நேரம் போதாது என்ற அவசரத்தில், விடையை நானே பலகையில் போட்டுவிடுவேன். ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் அதை அழகாகப் பார்த்தெழுதுவான். அவன் நோட்டில் சிவப்பு மையில் சரிக்குறிகள் நிறைந்திருந்தன. காலாண்டுத் தேர்வில் அதே வகைக் கணக்குகள் ஐந்தும் தவறாகிப் போயின. விடைத்தாளுடன் வந்த அவன் அம்மா, "வீட்டுப்பாடமெல்லாம் சரியாத்தான மிஸ் போட்டுக்கிட்டு வந்தான்?" என்று கேட்டபோது நான் சொல்லப் பதில் இல்லாமல் நின்றேன். தவறு என்னுடையது. அன்றிரவு அந்த விடைத்தாளை வாங்கி வைத்துக்கொண்டு, மதிப்பெண்ணை விட்டுவிட்டு, அவன் என்ன நினைத்து அப்படி எழுதியிருப்பான் என்று ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன்.

"12-ஐ 20-லிருந்து கழிக்க" என்பது கேள்வி. அவன் 12-இல் 20 போக மைனஸ் 8 என்று எழுதியிருந்தான். முழு எண்களைக் கழிக்க அவனுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. கண்ணில் முதலில் பட்ட எண்ணை முதலில் எழுதியதுதான் பிழை. ஐந்து கணக்குகளிலும் இதுவே நடந்திருந்தது.

மறுநாள் அவனுக்கு இதை விளக்கிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்து தமிழ் மனப்பாடம் செய்துகொண்டிருந்த பத்தாம் வகுப்புப் பெண் நிமிர்ந்து பார்த்து, "மிஸ், இது ஐந்தாம் வேற்றுமைல்ல?" என்றாள். நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது என்று நான்கு பொருளையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, நீங்கலுக்கு இலக்கண நூல்கள் காட்டும் "மலையின் வீழ் அருவி" என்ற பழைய உதாரணத்தை அவனுக்குச் சொன்னாள். "மலையில இருந்து அருவி விழுதுடா. லிருந்து எதுல ஒட்டியிருக்கோ அது மலை. மலைய மொத எழுது." அவன் பென்சிலால் 20-ஐ ஒட்டிய "லிருந்து" என்ற சொல்லைச் சுற்றி வட்டம் போட்டு, அதன் மேல் சின்னதாக ஒரு முக்கோண மலை வரைந்தான். கணிதம் படித்த எனக்கு அந்த விளக்கம் தோன்றியிருக்காது. இன்றைக்கும் எங்கள் டியூசனில் கழித்தல் கணக்குக்கு மலை வரையும் வழக்கம் இருக்கிறது.

ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு இதே சிக்கல் தலைகீழாக வரும். "ஃபைவ் லெஸ் தேன் எ நம்பர்" என்று இருந்தால் ஐந்தை முதலில் எழுதி, அதிலிருந்து அந்த எண்ணைக் கழித்துவிடுகிறார்கள். அதையே "ஓர் எண்ணைவிட 5 குறைவு" என்று தமிழில் சொல்லச் சொன்னால், எண் முன்னும் ஐந்து பின்னுமாகத் தானே வரிசை சரியாகிவிடுகிறது. வீட்டில் பேசும் மொழியைக் கணக்கு நோட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று அந்தப் பிள்ளைகளுக்கு யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 'எ', 'ஆன்' எங்கே வரும் என்ற ஆங்கிலக் கேள்விக்கும் ஒரு, ஓர் என்ற நம் வேறுபாடே கைகொடுக்கிறது. ஓர் ஊர், ஒரு மரம் என்று சொல்லிப் பழகிய பிள்ளையிடம், 'ஹவர்' என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்லி முதலில் கேட்பது உயிரொலி என்று கண்டுபிடிக்கவும், 'யுனிவர்சிட்டி'யில் 'ய்' என்ற மெய்யொலி முன்னே நிற்பதைக் கவனிக்கவும் சொன்னால் போதும்.

சமூக அறிவியலில் முல்லைப் பெரியாறு அணை வந்தது. 1895-இல் அந்த அணையின் நீர் கிழக்கே வைகைப் படுகைக்குத் "திருப்பிவிடப்பட்டது" என்ற வரியைப் படித்த பெண், "எடுத்த தண்ணியத் திருப்பிக் குடுத்துட்டாங்களா மிஸ்?" என்று கேட்டாள். வரைபடத்தை விரித்து, மேற்கே அரபிக்கடலுக்குப் போகும் ஆற்று நீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கி, வைகையோடு சேர்ந்து வருவதை விரலால் இழுத்துக் காட்டினேன். மேலூர் பக்கம் விரல் வந்ததும், "எங்க அப்பத்தா ஊரு வாய்க்கால பெரியாத்துக் கால்வாய்னுதான் சொல்லுவாங்க" என்றாள்.

எல்லாவற்றிலும் என்னை அதிகம் யோசிக்க வைத்தவன் விளாச்சேரியிலிருந்து வந்த எட்டாம் வகுப்பு மாணவன். மண்பாண்டமும் கொலு பொம்மையும் செய்யும் குடும்பம் அவனுடையது. மண்பானை நீர் குளிர்வதற்குக் காரணம் கூறுக என்ற கேள்விக்கு, நுண்துளைகள் வழியே நீர் கசிந்து ஆவியாகிறது என்று எழுதிவிட்டு, கடைசிச் சொல்லின் கீழ் கோடு போட்டு என்னிடம் நீட்டினான். "ஆவின்னா சுடத்தான மிஸ் செய்யும்?" அவனுக்குத் தெரிந்த ஆவி இட்லிப் பானையிலிருந்து வருவது. கொதிக்காமலும் நீர் காற்றில் கலக்கும், அப்போது தனக்கு வேண்டிய வெப்பத்தை ஒட்டியிருக்கும் பொருளிலிருந்து எடுத்துக்கொள்ளும் என்பதை, அவன் புறங்கையைத் துணியால் நனைத்து விசிறிக்குக் கீழே நீட்டச் சொல்லி உணர வைத்தேன். கையைப் பார்த்துக்கொண்டே இருந்தவன், "அப்ப எங்க வீட்டுப் பழைய பானையில தண்ணி ஏன் குளிரல?" என்றான். நீரிலுள்ள உப்பு படிந்து நாளடைவில் துளைகள் அடைபடும் என்றேன். மறுநாள் மாலை வந்ததும், புதுப் பானையின் வெளிப்பக்கம் தொட்டால் ஈரமாகவும் பழைய பானை காய்ந்தும் இருந்ததாகச் சொல்லி, அதையும் விடையின் கீழ் ஒரு வரியாகச் சேர்த்துக்கொண்டான்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டபோது அதே நோட்டுடன் மறுபடியும் வந்தான். புதுப் பானைத் தண்ணீரும் இப்போது அவ்வளவாகக் குளிரவில்லையாம். காற்றின் ஈரப்பதத்தை எப்படிச் சொல்வது என்று ஒரு நிமிடம் யோசித்து, வெளியே தாழ்வாரக் கொடியில் இரண்டு நாளாகக் காயாமல் தொங்கிக்கொண்டிருந்த துண்டைப் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன்.