மாசி மகமும் குளமங்கலத்து அய்யனார் குதிரையும்

மாசி மகம்னாலே நிறைய பேருக்கு கும்பகோணம் தான் ஞாபகத்துக்கு வரும், ஆனா புதுக்கோட்டை மாவட்டம் கீரமங்கலம் பக்கத்து ஆளுங்கள கேட்டுப் பாருங்க, யோசிக்காம குளமங்கலம்னு சொல்லுவாங்க. வில்லுனி ஆத்தங்கரையில இருக்கு பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயில், முன்னங்கால தூக்கி வானத்துக்குத் தாவுற மாதிரி 33 அடி உசரத்துல ஒரு குதிரை சிலை. இந்தப் பக்கத்து ஊர்கள்ல அய்யனாருக்கு மண்பாண்டம் செய்யுற வேளார் செஞ்ச மண்குதிரைய தூக்கிட்டுப் போற புரவி எடுப்பு நெறைய இடத்துல உண்டு, இங்க நேர்த்திக்கடன்னா இந்தப் பெரிய குதிரைக்கு காகிதப்பூ மாலை போடுறது.

மாலைன்னா நாம நினைக்குற சைஸ் இல்லங்க, குதிரை உசரத்துக்கே கட்டுறாங்க, கழுத்துல போட்டா கீழ வரைக்கும் தொங்கும். டிராக்டர், டாடா ஏஸ், வேன், காருன்னு எதுல முடியுதோ அதுல கட்டி ஏத்திக்கிட்டு குடும்பம் குடும்பமா வர்றாங்க, இளவட்டங்க குதிரை மேல ஏறி நின்னுக்கிட்டு கீழ இருந்து கைமாத்தி தூக்கி விடுற மாலைய இழுத்து போடுறாங்க. காலையில கால், வயிறு எல்லாம் தெரிஞ்ச குதிரை மத்தியானத்துக்கு மேல மஞ்சளும் ரோசும் சிவப்புமா மூடிப் போயி தலை மட்டும் தான் தெரியுது.

வரிசையில எங்களுக்கு முன்னாடி ஒரு அம்மா, வண்டியில உரசி கழண்டு போன பூவ எல்லாம் நூல் வச்சு நின்னபடியே திரும்ப கட்டிக்கிட்டு இருந்தாங்க. அவ்ளோ உசரத்துல யாரும்மா பாக்கப் போறான்னு பக்கத்துல ஒருத்தர் கேட்டதுக்கு, "அய்யனாரு பாப்பாருல்ல தம்பி, பேரப்புள்ளைக்கு வேண்டிக்கிட்டது, குறை வைக்கலாமா"ன்னாங்க. எனக்கு கண்ணு கலங்கிடுச்சு.

இந்த ஊர்களோட குணமே இது தான்னு நான் நினைக்கிறேன், வாங்குனத மறக்க மாட்டாங்க. ஆடி மாசம் இதே கீரமங்கலம், வடகாடு பக்கம் மொய் விருந்து நடக்கும், பந்தல் போட்டு கறிச்சோறு போட்டு யார் எவ்வளவு செஞ்சாங்கன்னு நோட்டுல எழுதி வச்சுக்குவாங்க, அவங்க விருந்து வைக்கிறப்போ வாங்குனத விட கொஞ்சம் கூடவே போட்டு திருப்பிச் செய்வாங்க. ஒரு வீட்டுல கல்யாணம், கிணறு, கடைன்னு பணம் தேவைப்பட்டா சுத்துப்பட்டு ஊரே கை கொடுக்குற ஏற்பாடு. 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சு இந்தப் பக்கம் தென்னந்தோப்பெல்லாம் வேரோட சாஞ்சு போச்சு, எத்தனையோ வருஷமா பிள்ளை மாதிரி வளத்த மரங்க. அப்பயும் ஊரு ஒடிஞ்சு உக்காரல, அடுத்த வருஷமே கொத்தமங்கலத்துப் பசங்க ஒண்ணு சேந்து அவங்க ஊர்க் குளத்த தூர்வார இறங்கிட்டாங்க. தெய்வத்துக்கு குறை வைக்கக் கூடாதுன்னு நினைக்குற மனசு ஊருக்கும் குறை வைக்காதுல்ல.

போகணும்னு நினைக்குறவங்க புதுக்கோட்டையில இருந்து ஆலங்குடி வழியா வரலாம், அறந்தாங்கி பக்கமிருந்தும் வரலாம். காலையிலயே வந்துடுங்க, அப்போ தான் குதிரைய முழுசா பாக்க முடியும், மறுநாள் தெப்பத் திருவிழா, முடிஞ்சா அதுக்கும் இருந்துட்டுப் போங்க.