காசுமாலையில் ஒரு காப்பு

நகை மதிப்பீட்டாளருக்குக் கதை கேட்கும் வேலை கிடையாது. மொத்த எடை பார்க்க வேண்டும், கல், அரக்கு, நூல் என்று கழிவைக் கழிக்க வேண்டும், உரைகல்லில் ஒரு கோடு இழுத்து நிகர எடையை எழுத வேண்டும். சிவகங்கைப் பக்கம் ஒரு வங்கிக் கிளையில் 26 வருஷமாக நான் செய்வது இதுதான்.

அந்த அம்மா காசுமாலையை அடகுவைக்க முதன்முதலில் கொண்டுவந்தபோது எனக்கு ஒரே சந்தோஷம். இப்போது காசுமாலை என்றால் மெல்லிய தகட்டில் லட்சுமியை அடித்திருப்பார்கள். இதில் 11 காசும் அசல் பிரிட்டிஷ் பவுன், ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்டது. ஒன்று 7.98 கிராம், 22 காரட். நாம் 8 கிராமைப் பவுன் என்பதே இதிலிருந்து வந்ததுதான். பதக்கம் இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் நசுங்கிய குழந்தைக் காப்பு ஒன்று தொங்கியது. தங்கத்தின் தரமும் மட்டம்.

"இதைக் கழற்றிட்டு ஒரு பதக்கம் வைங்கம்மா, எடுப்பா இருக்கும்" என்றேன்.

"இருக்கட்டும் தம்பி."

வருஷா வருஷம் திருப்பி வைத்தார்கள். காப்பை நான் கழிவில்தான் எழுதினேன்.

அவர்கள் காலமானபின் மகளும் மகனும் மீட்க வந்தார்கள். வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போடவேண்டும் என்பதால்தான் சேர்ந்து வந்தார்கள், பேச்சுவார்த்தை இல்லை. தம்பி உருக்க வேண்டும் என்றார். அக்கா கூடாது என்றார். சரி, தம்பிக்குப் பணத்தாசை என்று நான் முடிவுகட்டிவிட்டேன்.

அப்புறம் அவர் சொன்னார்: "காசு பூராவும் அக்காவே வச்சுக்கட்டும் சார். காப்பை மட்டும் உருக்கிடுங்க."

தாத்தா ரங்கூனில் கணக்குப்பிள்ளையாம். 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பான்காரன் குண்டு போட்டபின் லட்சக்கணக்கான இந்தியர்கள் நடந்தே கிளம்பினார்களே, அந்தக் கூட்டத்தில் இவர்களும் இருந்திருக்கிறார்கள். பாட்டியின் மடியில் முடிந்த காசுகள், இடுப்பில் பெண்குழந்தை. பர்மா எல்லை ஊரான தாமு தாண்டி மணிப்பூர் மலைப்பாதையில் குழந்தையைக் காலரா கொண்டுபோனது. புதைக்குமுன் தாத்தா அதன் கையிலிருந்த காப்பைக் கழற்றிக்கொண்டார்.

ஊர் வந்தபின் பாட்டி காசுகளை மாலையாக்கி, நடுவில் அந்தக் காப்பைக் கோத்தார். ஒருநாளும் கழுத்தில் போடவில்லை. தாத்தா கண்ணில் தினமும் படுகிற மாதிரி ஆணியில் மாட்டிவைத்தார். பிறகு பிறந்த பெண்ணுக்கு இறந்த குழந்தையின் பெயரையே வைத்தார்கள். நகையைக் கொண்டுவந்தாரே, அந்த அம்மா.

"அந்தப் பேரைச் சுமந்தே எங்கம்மா போய்ச் சேர்ந்தாங்க. போதும் சார்" என்றார் தம்பி.

"அந்தப் புள்ளையப் பொதைச்ச எடங்கூட நமக்குத் தெரியாதுடா. இது ஒண்ணுதான் இருக்கு" என்றார் அக்கா.

தாத்தாவைப் பற்றி நான் இன்னும் யோசிக்கிறேன். அடுத்தவேளை அரிசிக்கு ஆகும் என்று கழற்றினாரா? மடியில்தான் காசு இருந்ததே. பிள்ளையின் ஞாபகமாக வேண்டும் என்றுகூட நினைத்திருக்கலாம். பாட்டி அவரைக் கேட்டாரா என்பது பேரப்பிள்ளைகள் இருவருக்குமே தெரியவில்லை.

எடைச் சீட்டு எழுதும்போது அதைக் கழிவில் போடக் கை வரவில்லை. தனி வரியாக எழுதினேன்: குழந்தைக் காப்பு 1, 3.2 கிராம். தம்பி அந்த வரியைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். உருக்குவதைப் பற்றி அன்று மறுபடி பேசவில்லை.

கடைசியில் எங்கள் கிளையிலேயே லாக்கர் எடுத்தார்கள், இருவரும் சேர்ந்து வந்தால்தான் திறக்கலாம் என்ற நிபந்தனையோடு. இரண்டு வருஷமாகிறது, இன்னும் திறக்கவில்லை. வாடகை கட்ட வருவது தம்பிதான்.