மலை ஏரியில் படகு ஏறும் முன்: குளிரும் லைஃப் ஜாக்கெட்டும்

லைஃப் ஜாக்கெட்டை நீட்டினால் "எனக்கு நீச்சல் தெரியும்" என்று ஒதுக்கிவிடுகிறவர்களை ஊட்டி படகு இல்லத்திலும் பார்க்கலாம், கொடைக்கானல் ஏரியிலும் பார்க்கலாம். அவர்களில் பலர் ஊர்க் கிணற்றிலும் வாய்க்காலிலும் நீந்திப் பழகியவர்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொடைக்கானல் ஏரியும் 2,000 மீட்டருக்கு மேல். டிசம்பர், ஜனவரியில் புல்லின் மேல் உறைபனி படியும் ஊர்களின் தண்ணீர் அது.

தண்ணீர் 15 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது திடீரென்று விழுந்தால், நாம் நினைக்காமலே வாய் திறந்து ஒரு பெரிய மூச்சை இழுக்கும். அந்த நொடியில் தலை நீருக்குள் இருந்தால் நுரையீரலுக்குள் தண்ணீர்தான் போகும். நீச்சல் வீரருக்கும் இதேதான். மூச்சிரைப்பு அடங்க ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆகும். அதன்பின் பத்து நிமிடங்களில் விரல்கள் மரத்து, கை வீச முடியாமல் போகும். உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்குவது இதற்கெல்லாம் பிறகுதான். ஜாக்கெட்டின் முதல் வேலை அந்த ஒரு நிமிடம் முகத்தை நீருக்கு மேலே வைத்திருப்பது.

அதனால் வாங்கியதும் சோதியுங்கள். உள்ளிருக்கும் நுரைப்பஞ்சைக் கட்டைவிரலால் அழுத்தினால் மீண்டு வர வேண்டும். கல்லாக இறுகியிருந்தாலோ, பொடியாக உதிர்ந்தாலோ, ஈரம் ஊறிக் கனத்தாலோ வேறு கேளுங்கள், தயங்கவே வேண்டாம். எல்லாக் கொக்கிகளையும் பூட்டி, பட்டைகளை இழுத்த பிறகு, தோள்பட்டையில் பிடித்து ஒருவரை மேலே தூக்கச் சொல்லுங்கள். காது வரை ஏறினால் அது தளர்வு. குழந்தைக்குப் பெரியவர் அளவைப் போட்டுவிட்டால் நீரில் தலை வழியே கழன்றுவிடும். சிறிய அளவும், கால்களுக்கு இடையே வரும் பட்டையும் கட்டாயம். ஸ்வெட்டர் ஜாக்கெட்டுக்கு உள்ளே இருக்கட்டும். சால்வையைக் கழற்றிப் பையில் வையுங்கள், நீரில் கையைச் சுற்றிக்கொள்ளும்.

படகு கவிழ்வது பெரும்பாலும் எழுந்து நிற்பதாலும் இடம் மாறுவதாலும்தான். படம் எடுக்க எல்லாரும் ஒரே பக்கம் சாய்வதும் அப்படித்தான். அடியில் தேங்கிய தண்ணீரையும் அலட்சியப்படுத்தாதீர்கள்: படகு சாயும் பக்கத்துக்கே அது ஓடிச் சாய்வை அதிகமாக்கும். துடுப்புப் படகில் துழாவுகிறவர் பின்னோக்கி உட்கார்ந்திருப்பார், எதிரே இருப்பவர்தான் வழி சொல்ல வேண்டும். முதலில் எதிர்காற்றில் போங்கள். களைத்துத் திரும்பும்போது காற்று துணைக்கு வரும். மிதி படகில் பாசி சிக்கினால் பின்னோக்கி மிதியுங்கள், குனிந்து கையை விடாதீர்கள்.

ஏப்ரல், மே மாத மதியங்களில் இடிமழை வரும். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 நொடிக்குக் குறைவென்றால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உடனே கரை திரும்புங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழியும் வரை மறுபடி இறங்காதீர்கள். கொடைக்கானலில் மூடுபனி இறங்க ஆரம்பித்தாலும் அப்போதே திரும்புவது நல்லது, கரை கண்ணுக்குத் தெரியும்போதே.

கவிழ்ந்துவிட்டால் கரை பக்கம்போலத் தெரிந்தாலும் நீந்தாதீர்கள். படகைப் பிடித்துக்கொண்டு மிதந்தபடி மூச்சு சீராகும்வரை பொறுங்கள். ஏற முடிந்தால் ஏறிவிடுங்கள். முடியாவிட்டால் முழங்காலை மார்போடு மடக்கி ஒருவரை ஒருவர் ஒட்டியிருங்கள். காப்பாற்றப் போகிறவரும் குதிக்கக் கூடாது. துடுப்பை நீட்டலாம், கயிற்றையோ மிதவையையோ வீசலாம்.

கரைக்கு வந்தவரைத் தலைகீழாகத் தூக்குவதும் வயிற்றை அமுக்குவதும் நம் ஊரில் இன்னும் நடக்கிறது. வயிற்றில் இருப்பது மேலேறி மூச்சுக்குழாயில் போய்விடும், விலைமதிப்பற்ற நிமிடங்களும் வீணாகும். மூச்சு இல்லையென்றால் ஒருவர் 108-ஐ அழைக்க, மற்றவர் உடனே வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுத்துவிட்டு, மார்பு நடுவில் 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகத்தில் அழுத்த வேண்டும்: 30 அழுத்தம், 2 மூச்சு. நினைவோடு இருப்பவருக்கு ஈரத்துணியை மாற்றி, கம்பளி போர்த்திப் படுக்க வையுங்கள். கை கால்களைத் தேய்க்காதீர்கள், பிராந்தி கொடுக்காதீர்கள். மது தோலின் இரத்தக் குழாய்களை விரித்து மிச்சச் சூட்டையும் வெளியேற்றிவிடும். தண்ணீர் குடித்தவருக்குச் சில மணி நேரத்தில் இருமலோ மூச்சுத் திணறலோ வந்தால், நன்றாகத் தெரிந்தாலும் மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.