அம்மா வீட்டிலிருந்து நாலு கிலோமீட்டர்

சிங்கப்பூரின் பீஷானில் மறுவிற்பனை வீடு தேடியபோது ஹாலை விட வரைபடத்தைத்தான் அதிகம் பார்த்தேன். அங் மோ கியோவில் இருக்கும் அம்மா வீட்டிலிருந்து 4 கிலோமீட்டருக்குள் வாங்கினால் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) தரும் மானியம் 20,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). சேர்ந்தே குடியிருந்தால் 30,000.

"அந்தப் பத்தாயிரம், உன் சமையலைச் சாப்பிடப் பத்தாதும்மா" என்றார் அம்மா.

அடுத்தது இன விகிதாசாரம். ஒரு புளோக்கில் எந்த இனத்தார் எத்தனை வீடு வைத்திருக்கலாம் என்று 1989 முதல் வரம்பு உண்டு. மாதத்தின் முதல் நாளில் கணக்கு மாறும். எங்களுக்கு இடம் இருந்தது. "விற்கும்போது பார், சீனர் வரம்பு நிரம்பியிருந்தால் சீனருக்கு விற்க முடியாது" என்றார் அண்ணன். அவருக்கு எப்போதும் இப்படித்தான்.

ஞாயிறுதோறும் தோசைமாவு பேருந்தில் வருகிறது, அம்மாவோடு.